எம்.எஸ். ஆபீஸ் இல்லாமல் ஆபீஸே இல்லையா?

செங்கல்பட்டிலும் மகேந்திரா சிட்டி பக்கத்திலும் ஒட்டப்படும் வேலைவாய்ப்பு நோட்டீஸ்களில் ஒரு வரி மாறுவதே இல்லை: ‘எம்.எஸ். ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டும்.’ பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரியுமா, கணக்கு ஏட்டைப் பட்டியலாக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கம்பெனியின் சரக்கைத் தெரியுமா என்றே கேட்கிறார்கள். வேர்டும் எக்ஸெல்லும் இல்லாவிட்டால் வேலை நடக்காது, மற்றதெல்லாம் காசில்லாதவர்களின் சமாளிப்பு என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அது தவறான நம்பிக்கை. அதற்கு விலை கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள்.

2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றும் அதில் பாடங்கள். திருக்கழுக்குன்றத்திலோ மதுராந்தகத்திலோ அதைப் படித்துத் தேறிய மாணவி, வேலைக்கு மனுப்போடும் அன்று ‘எம்.எஸ். ஆபீஸ் தெரியாதவள்’ ஆகிவிடுகிறாள். கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி, பள்ளியில் படித்ததையே மறுபடி படிக்கிறாள். சம், இஃப், வி-லுக்கப் எல்லாம் கால்க், எக்ஸெல் இரண்டிலும் ஒரே பெயரில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அரசு கற்றுக்கொடுத்ததைச் சந்தை செல்லாக்காசாக்குகிறது. அரசும் வேடிக்கை பார்க்கிறது.

சரி, ஆபீஸில் அப்படி என்னதான் வேலை? மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக் கோயிலுக்குச் சிலை அனுப்பும் ஒரு சிற்பக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சிலையின் உயரம், கல்லின் எடை, கூலி, மரப்பெட்டிச் செலவு, லாரி வாடகை, ஜி.எஸ்.டி. என்று சில பத்திகள், அடியில் ஒரு கூட்டுத்தொகை, லெட்டர்பேடில் ஒரு கொட்டேஷன், அதை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இதில் ஓப்பன் ஆபீஸின் வழிவந்த இலவச லிப்ரே ஆபீஸால் முடியாதது ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் மேக்ரோ எழுதிச் சேர்த்த எக்ஸெல் ஷீட்டுகளை நம்பியிருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு மாறுவது கடினம்தான். அவர்கள் எக்ஸெல்லையே வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் தேவையை ஊருக்கே சட்டமாக்குவது என்ன நியாயம்?

‘அதுதான் கிராக் போட்டுச் சும்மா கிடைக்கிறதே’ என்பார்கள். கிராக்கோடு வைரஸும் வரும். சட்டத்தின் பிடியும் கூடவே இருக்கும். முறையாக வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆயுள் எவ்வளவு என்பதை விற்றவரே முடிவு செய்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, ஃபைல் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூனிகோடைத் தரமாக ஏற்று 2010-ல் தமிழக அரசு ஆணையிடும்வரை ஆளுக்கொரு ஃபாண்டில் அடித்தோம். வானவில் அவ்வையாரில் அடித்த அறிக்கையை அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் சிதறிக் கிடக்கும். பட்டா விவரமோ சங்கத் தீர்மானமோ, அதை வாசிக்க கன்வெர்ட்டர் தேட வேண்டும். இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஃபைல் ஃபார்மேட்டிலும் அதே குழியில் ஏன் விழ வேண்டும்? ஓ.டி.எஃப். என்ற திறந்த ஃபார்மேட் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரமானது, எந்த மென்பொருளும் அதைப் படிக்கலாம், எழுதலாம். மைக்ரோசாஃப்ட்டின் ஃபார்மேட்டை ஐ.எஸ்.ஓ. தரமாக்க முயன்றபோது இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஆனாலும் 2008-ல் அது தரமாகிவிட்டது. இன்று வேர்டில் செய்த படிவம் வேறிடத்தில் கலைந்தால், நாம் பழிப்பது லிப்ரே ஆபீஸை!

ஃபைல் மட்டுமல்ல, சேவையும் அடுத்தவர் கையில்தான். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜி மீது தடை விதித்ததும், இந்தியாவிலேயே இயங்கும் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. சில மாதங்களில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோ நிறுவனத்தின் ஆபீஸ் மென்பொருளுக்கு மாற உத்தரவிட்டது. ஜோஹோவின் தலைமையகம் கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில், நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது; பெருமைதான். ஆனால் நம் ஊர்க் கம்பெனி என்பதற்காக மட்டும் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. வேண்டாம் என்று வெளியே வரும் நாளில் எல்லா ஃபைலும் திறந்த ஃபார்மேட்டில் கைக்கு வருமா என்று ஜோஹோவிடமும் கேட்டாக வேண்டும்.

‘மாறியவர்கள் தோற்றுத் திரும்பினார்கள்’ என்று ஜெர்மனியின் ம்யூனிக்கைக் காட்டுவார்கள். சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய அந்த மாநகராட்சி, 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது உண்மை. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-ல் அறிவித்ததை ஏன் சொல்வதில்லை? கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் மின்னணு நிறுவனமான நம் எல்காட்டே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. அதிகாரி மாறியதும் அந்த வேகம் அடங்கியது. குறை மென்பொருளில் இல்லை. ஒருவரின் ஆர்வமாக இருந்ததை அரசின் விதியாக்காமல் விட்டதில் இருக்கிறது.

ஆகவே விதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் படிவங்கள் ஓ.டி.எஃப்.பிலும் கிடைக்கட்டும், அதில் வரும் மனுக்களை மறுக்கக் கூடாது. அரசு வேலை அறிவிப்பில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாகத் திறமையைக் கேளுங்கள். பள்ளியில் கற்ற ரைட்டரும் கால்க்கும் தகுதியாகக் கணக்கில் வரட்டும். இதற்கு ஒரு ரூபாய்கூட லைசென்ஸ் செலவு கிடையாது. ஓர் அரசாணை போதும்.