“கூச்சல்” என்று காதைப் பொத்துகிறவர்களுக்கு

“இதெல்லாம் ஒரு பாட்டா? காட்டுக் கூச்சல்!”

வேப்பம்பட்டு வாசகசாலையில், மே தின ஏற்பாடுகளுக்காகக் கூடிய கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் இப்படி வெடித்தார். விஷயம் இதுதான். விழா மேடையில் தங்களுக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று ஆறு வாலிபர்கள் கேட்டு வந்தார்கள். இரண்டு பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்டிராக்ட் தொழிலாளிகள். மற்றவர்களுக்குக் காக்களூரிலும் திருமழிசையிலும் பட்டறை வேலை. அவர்களிடம் ஒரு பறை, ஒரு சட்டி, இரவல் வாங்கிய ஒரு கிதார் இருந்தன. மாதிரிக்கு என்று கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். “தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்” என்ற குழு இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடியது. பாதிப் பாட்டு ஓடுவதற்குள் தோழர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவர் லேசான மனிதரல்ல. மூன்று பெரிய வேலைநிறுத்தங்களைக் கண்டவர். இரண்டு முறை சிறை சென்றவர். அவருடைய கோபத்தை மதிக்கிறோம். ஆனால் அவர் எடுத்து வைத்த வாதங்களைச் சும்மா விடுவதற்கில்லை. பாட்டு வெறும் கூச்சல் என்றார். மேல்நாட்டு இறக்குமதி என்றார். கடைசியாக, சாதியைப் பேசித் தொழிலாளி வர்க்கத்தைப் பிளக்கிறது என்று ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். முதல் இரண்டையும் சபா மண்டபத்துக் கனதனவான்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நம் தோழர் போய் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாரே என்பதுதான் வேதனை!

கூச்சல் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். காலை ஆறரை மணிக்கு வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நின்று பாருங்கள். அரக்கோணத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வருகிற மின்சார ரயில் பிதுங்கிக்கொண்டு வரும். கதவருகே தொங்குகிற பையன்கள் பெட்டியின் தகரச் சுவரிலே கையால் தாளம் போட்டுக் கானா பாடுவார்கள். சக்கரச் சத்தத்துக்கும் ஜன நெரிசலுக்கும் நடுவே தம்புரா சுருதி யார் காதில் விழும்? கானா வளர்ந்த இடமே இரைச்சலான இடம். வடசென்னைக் குடிசைகளில் சாவு விழுந்த வீட்டு வாசலில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவனுடைய வாழ்வையும் தாழ்வையும் சொல்லுகிற பாட்டு அது. ஒப்பாரிக்கு மேலே எழும்ப வேண்டிய குரல் மெல்லிய குரலாக இருக்க முடியுமா?

வந்த வாலிபர்களில் ஒருவன் இதை நம்மைவிட நன்றாகச் சொன்னான்: “தோழர், எங்க ஷாப்புல பிரஸ் மெஷின் ஓடும்போது பக்கத்துல நிக்கிறவனைக் கூப்பிடணும்னாலே கத்தித்தான் ஆவணும். மெதுவாப் பேசற பழக்கமே எங்களுக்கு விட்டுப் போச்சு.”

இந்தக் கானாவைச் சினிமா முதலாளிகள் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 1990களில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதாநாயகனின் வாயில் திணித்தார்கள். குடித்துவிட்டுப் புலம்ப ஒரு பாட்டு, காதலில் தோற்றவன் பெண்ணைத் திட்ட ஒரு பாட்டு! தகரம் தட்டியவனின் தாளம் வேண்டும். அவனுடைய வீட்டை இடித்தது யார் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அப்போது “காட்டுக் கூச்சல்” என்று எத்தனை பேர் காதைப் பொத்தினார்கள்? கல்யாண வீட்டில் போட்டு ஆடினார்கள்.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது வேறு கதை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து 19 பேரை மேடையேற்றினார்கள். கானாப் பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், பறையும் சட்டியும் அடிக்கிறவர்கள், கிதாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள். பெண் குரலாக இசைவாணி ஒருவர். தாளம் பழைய தாளம்தான். சொற்கள் மட்டும் உரியவர்களிடம் திரும்பி வந்தன. மாட்டுக்கறி தின்பதைப் பாடினார்கள், அம்பேத்கரைப் பாடினார்கள், வடசென்னை என்றால் ரவுடி என்று எழுதும் பத்திரிகைகளுக்குப் பதில் பாடினார்கள். குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் “சாதி பேதமற்ற” என்ற சொல்லிலிருந்து வந்தது. 1907இல் “ஒரு பைசாத் தமிழன்” என்று வாரப் பத்திரிகை போட்டவர் அவர். இன்னொரு வாரப் பத்திரிகையில் எழுதுகிற நமக்கு அந்த மனிதர்மீது சற்றுக் கூடுதலான பாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் குழுவில் பாடிய அறிவு யார்? அரக்கோணத்துப் பிள்ளை. நம் ரயில் பாதையின் அந்தக் கோடி! 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து “தெருக்குறள்” என்ற தொகுப்பை வெளியிட்டார். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியானார்களே, அவர்களில் ஒருத்தியான ஸ்னோலினின் பேரில் அதில் ஒரு பாட்டு உண்டு. மேடையில் நாம் ஒன்றரை மணி நேரம் பேசிச் சொன்னதை அந்தப் பாட்டு சில நிமிஷங்களில் சொல்லிவிட்டது. சிப்காட் பஸ்ஸில் வருகிற பையன் எதைக் கேட்பான்? நம் பேச்சையா, பாட்டையா? நமக்குக் கசப்பாக இருந்தாலும் விடை தெரிந்ததுதான்.

மேல்நாட்டுச் சரக்காம்!

கிதார் மேல்நாட்டுச் சரக்கு என்றால் சபாவில் வாசிக்கிற பிடில் எந்த ஊர்ச் சரக்கு? போகட்டும். தோழர் “இங்கிலாந்திலே தலைமயிரைக் குத்திட்டு நிறுத்திக்கொண்டு கத்தினார்களே, பங்க் என்று, அந்தக் கழிசடைதான் இது” என்றும் சொன்னார். அந்தக் கழிசடை என்ன என்று போய்ப் பார்ப்பது நல்லது.

1977ஆம் வருஷத்து இங்கிலாந்து. வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ராணிக்கு வெள்ளி விழா கொண்டாடுகிறார்கள். நிறவெறி பிடித்த நேஷனல் பிரண்ட் கும்பல் தெருவில் ஊர்வலம் போகிறது. அந்த ஏப்ரல் மாதம் “தி கிளாஷ்” என்ற குழுவின் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. மூன்று வார இறுதிகளில் பதிவு செய்து முடித்த தட்டு. பூச்சு வேலை கிடையாது; மெருகு கிடையாது. வேலை தேடும் ஆபீஸில் வாலிபனுக்கு நீட்டப்படும் உதவாத உத்தியோகங்களைப் பற்றி ஒரு பாட்டு. போலீசையும் திருடனையும் ஒரே தட்டில் நிறுத்துகிற ஜமைக்காப் பாட்டு ஒன்றை, கறுப்பர்களின் ரெகே இசையிலிருந்து எடுத்துத் தங்கள் பாணியில் பாடினார்கள். இரண்டு மூன்று சுருதி தெரிந்தால் போதும், நீயும் பாடலாம் என்று அந்தத் தட்டு சொல்லிற்று. அதனுடைய கவர்ச்சி முழுவதும் இதில்தான் இருந்தது. கேட்டவன் ரசிகனாக உட்காரவில்லை. அடுத்த வாரமே தானும் ஒரு குழு அமைத்தான். நம் ஆறு பையன்கள் இரவல் கிதாரோடு வந்தது போல!

இதன் பலன் என்ன? 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் எரிக் கிளாப்டன் என்ற புகழ்பெற்ற கிதார்க்காரர், வந்தேறிகளெல்லாம் வெளியேற வேண்டும் என்று பேசினார். அதற்குப் பதிலாக ஒரு புகைப்படக்காரரும் சில சோஷலிஸ்டுகளும் சேர்ந்து, “நிறவெறிக்கு எதிராக ராக்” என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1978 ஏப்ரல் 30ஆம் தேதி டிரபால்கர் சதுக்கத்தில் திரண்டு, கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா வரை நடந்தார்கள். எண்பதாயிரம் பேருக்குக் குறையாது என்று கணக்கு. அங்கே “தி கிளாஷ்” பாடிற்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளான “ஸ்டீல் பல்ஸ்” குழுவும் அதே மேடையில் பாடிற்று. அதே லண்டனில் அதே காலத்தில், ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி கிரன்விக் போட்டோ கழுவும் தொழிற்சாலையில் இரண்டு வருஷ வேலைநிறுத்தம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நம்மவர்களை “வெளியேறு” என்றவனுக்கு எதிராக வெள்ளைக்கார வாலிபர்களைப் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்குக் கொண்டுவந்தது எது? அந்தக் கழிசடைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தட்டில் உள்ள ஒரு பாட்டு, கறுப்பர்கள் போலீசை எதிர்த்து நின்றதைப் பார்த்து வெள்ளை வாலிபர்களுக்கும் ரோஷம் வரட்டும் என்று எழுதப்பட்டது. அதை வெள்ளை வெறியர் சிலர் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்! அதே பங்க் வாலிபர்களிடையே நேஷனல் பிரண்டும் ஆள் பிடித்தது. அந்தக் கோபத்துக்கு எவன் இடம் கொடுக்கிறானோ அவன் பக்கம் அது சாய்ந்துவிடும். வேப்பம்பட்டில் நாம் அரை மணி நேரம் கொடுக்க மறுத்தால் சாதிச் சங்கத்துக்காரன் மூன்று மணி நேரம் கொடுப்பான். பாக்ஸ் செட்டு, லைட்டு, பிரியாணி எல்லாம் சேர்த்தே கொடுப்பான். இது தோழருக்குத் தெரியாதா?

பிளப்பது யார்?

இனி அந்தக் குண்டு. சாதியைப் பாடினால் வர்க்கம் பிளவுபடுமாம்.

அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஒரே ஷிப்டில் ஒரே மெஷினில் வேலை செய்கிறவர்கள். ஒரே கூலி. இருவரும் சேர்ந்து இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்பே, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். ஒருவனுக்கு வீடு கிடைத்தது. மற்றவன் இன்னும் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறான். இவர்களைப் பிளந்தது எந்தப் பாட்டு? பிளந்து கிடப்பதைப் பாட்டு சொல்லுகிறது, அவ்வளவுதான்.

1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்கள். எரிந்தவர்கள் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தார்; எரிந்தவர்கள் சேரிக்காரர்கள். எது கூலி, எது சாதி என்று அந்தச் சாம்பலில் யாராவது பிரித்துக் காட்ட முடியுமா? பின்னாளில் இன்குலாப் எழுதிய “மனுசங்கடா” பாட்டை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். கைதட்டியவர்களில் நம் மூத்த தோழரும் ஒருவர். நாம் பக்கத்தில் இருந்தோம். அன்று பிளவுபடாத வர்க்கம் இன்று ஒரு கிதார் சேர்ந்ததும் பிளவுபட்டுவிடுமா?

வேறு யாருக்கு இந்தப் பாட்டுகள் சுடுகின்றன என்றும் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் நுழையும் பெண்ணின் உரிமையைக் கேட்டு இசைவாணி பல வருஷங்களுக்கு முன் பாடிய பாட்டை, 2024 நவம்பரில் தேடி எடுத்துப் புகார் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். வெறும் கூச்சலாயிருந்தால் அதைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

நமக்கும் இந்தப் பாட்டுகள்மீது ஒரு குறை உண்டு. தெருவும் சேரியும் வருகிற அளவுக்குத் தொழிற்சாலை வருவதில்லை. காண்டிராக்டர், ஷிப்டு, பிடித்துக்கொண்டு கட்டாத பி.எப். – இவை போதாது. ஆனால் அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் யார்? நாமல்லவா? வந்த பையன்களிடம் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. ஆறு மாதத்துக்கொரு முறை காண்டிராக்டரின் பெயர் மாறுவதும், ஆள் மட்டும் அதே ஆளாயிருப்பதும் அதில் வருகிறது. தோழர் கைபேசிப் பாட்டிலேயே எழுந்துவிட்டதால் அதைக் கேட்கவில்லை.

முதலாளி காதைப் பொத்துவதில்லை

நாம் “கூச்சல்” என்று தள்ளுவதை முதலாளி என்ன செய்கிறான்? விலை பேசுகிறான். “தி கிளாஷ்” குழுவை சி.பி.எஸ். கம்பெனி 1977 ஜனவரியில் ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் அதே கம்பெனி, ரேடியோவுக்கு ஏற்காத தட்டு என்று இரண்டு வருஷம் வெளியிடாமல் வைத்திருந்தது. ஜனங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பிரதிகளாக வாங்கித் தீர்த்த பிறகே 1979இல் வெளியிட்டது. நடுவே, குழுவைக் கேட்காமலேயே ஒரு பாட்டைத் தனித்தட்டாகப் போட்டது. அந்த அக்கிரமத்தைக் கண்டித்துக் குழு ஒரு பாட்டுப் பாடிற்று. அந்தக் கண்டனப் பாட்டையும் தட்டாக்கி விற்றது யார்? அதே கம்பெனி! 1991இல் அந்தக் குழுவின் வேறொரு பாட்டு ஜீன்ஸ் கால்சட்டை விளம்பரத்தில் ஓடி இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. நம் நாட்டுச் சாராய முதலாளிகூட இவ்வளவு சாமர்த்தியக்காரனல்ல.

இங்கே? 2021 மார்ச்சில் “என்ஜாய் எஞ்சாமி” வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதியது. உலகமெல்லாம் பல கோடித் தடவை கேட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகை இந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவின் முகம் இல்லை! எதிர்ப்புக் கிளம்பிய பின்னர்தான் அவர் படம் வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டுக்காகத் தங்கள் மூவருக்கும் வெளியீட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு பைசாக்கூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். நிலமில்லாத பாட்டியைப் பற்றிய பாட்டுக்குக் கூலியும் இல்லை! தேயிலை பறித்தவளின் பேரனுக்கும் பழைய கணக்கேதான்.

இதற்கெல்லாம் காஸ்ட்லெஸ் கலெக்டிவோ அறிவோ பொறுப்பல்ல. சந்தையைத் தவிர வேறு மேடை இல்லாதவன் சந்தைக்குத்தான் போவான். 2020 டிசம்பரில் நீலம் மையத்தார் “மார்கழியில் மக்களிசை” தொடங்கினார்கள், நல்ல காரியம். ஆனால் சென்னை அரங்கத்துக்குப் போய்வர, இரவு ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவனுக்கு முடியுமா? திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று ஸ்டேஷனுக்கொரு கொடிக்கம்பம் வைத்திருக்கிறோமே, அதன் அடியில் ஒரு பெஞ்சு போட்டால் ஆகாதா?

வாசகசாலைக் கூட்டம் இரவு பத்து மணிக்கு முடிந்தது. அரை மணி நேரம் கொடுப்பதென்று முடிவாயிற்று. சட்டிக்குத் தோல் மாற்றும் செலவுக்கு உண்டியல் சுற்றி வந்தபோது மூத்த தோழரும் ஐம்பது ரூபாய் போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பாமல் ரயில் பாதைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்றார். பையன்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அரக்கோணம் வண்டி நின்று போகிற நேரம் எது என்று அப்போதே கைபேசியில் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.