கடிதம் யார் யார் கையைத் தாண்டி வந்தது?

நம்ம தோட்டங்கள்ல பல லயங்களுக்கு இன்னமும் தனி முகவரி கிடையாது. தபாற்கந்தோரிலிருந்து கடிதங்கள் மொத்தமாகத் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வரும். ஒரே பெயரில் மேற்பிரிவில் ஒருத்தர், கீழ்ப்பிரிவில் ஒருத்தர் இருந்துட்டா முடிஞ்சுது. இண்டர்வியூ கடிதம் திகதி போன பிறகு வரும். அடகு நகை ஏல அறிவித்தல், நகை போன பிறகு வரும். எங்கே தங்கிச்சு, யார் பிரிச்சதுன்னு கேட்டா பதில் இருக்காது.

'அதான் ஈமெயில் இருக்கே' என்பவர்களுக்கு ஒன்று சொல்லணும். ஈமெயிலும் நேரா வர்றதில்லை, பல சேர்வர்களைத் தாண்டித்தான் வருது. ஆனா அங்கே ஒரு விதி இருக்கு. கை மாற்றும் ஒவ்வொரு சேர்வரும் 'ரிசீவ்ட்' என்ற வரியை நேரத்தோடு மேலே சேர்க்கணும். முன்னாடி இருக்கும் அந்த வரிகளை மாத்தவோ அழிக்கவோ கூடாது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தி, கீழிருந்து மேலாகப் படிச்சுப் பாருங்க. (அடியில் உள்ளவற்றைப் போலியாகவும் எழுதலாம், கவனம்.)

சில சேர்வர்கள் சும்மா இருக்காது. 'வெளியிலிருந்து வந்தது' என்று சப்ஜெக்ட்டில் ஒட்டும், அடியில் ஓர் எச்சரிக்கையும் போடும். நல்ல எண்ணம்தான். ஆனா அனுப்பிய சேர்வர் போட்ட டிகேஐஎம் கையொப்பம் பெரும்பாலும் சப்ஜெக்ட்டையும் உள்ளடக்கத்தையும் வைத்துக் கணக்கிட்டது. ஒரு சொல் கூடினாலும் பொருந்தாது. அதை இன்னொரு பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிட்டால் ஸ்பாமுக்குள் போகலாம், திரும்பியும் போகலாம். 2014 ஏப்ரலில் யாஹூ சோதனையை இறுக்கியபோது, யாஹூ முகவரியிலிருந்து குழுக்களுக்குப் போட்ட மெயில்கள் இப்படித்தான் பலருக்குக் கிடைக்காமல் போச்சு. 2019இல் 'ஆர்க்' என்று ஒரு முறை வந்தது. நடுவில் இருப்பவர், 'என்னிடம் வந்தபோது இது சரியாக இருந்தது' என்று தானும் கையொப்பம் போடணும்.

தோட்ட ஆபீசிடம் நாங்க கேட்பதும் அதேதான். லயத்துக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் கொடுத்து, தபால்காரர் வாசல்வரை வரணும். அதுவரைக்கும் ஆபீசில் ஒரு கொப்பி போதும்: கடிதம் வந்த திகதி, கொண்டுபோனவர் பெயர், வாங்கியவர் கையெழுத்து. இதுக்கு என்ன பெரிய செலவு?