கப்பற் கணக்கும் நம் பிள்ளைகளும்

பால்மரம் சீவுவது நாம். பாலைச் சுமந்து சேர்ப்பதும் நாம். தோட்டத்து வாசலைத் தாண்டிய பின் அந்த ரப்பரின் கதி என்ன? லாரிக் கூலி, துறைமுகக் கட்டணம், கப்பல் வாடகை, காப்புறுதி என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. அந்தக் கழிவைக் கணக்கிடும் படிப்புக்குத்தான் கடல்சார் பொருளாதாரம் என்று பெயர்.

"இது நமக்கெதற்கு?" என்று கேட்பாருண்டு. உலக வாணிபச் சரக்கில் 100க்கு 80 பங்குக்கு மேல் கப்பலில்தான் போகிறது. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகம் நம் ரப்பரை ஏற்றி வளர்ந்தது. அங்கே மூட்டை தூக்கிய தோள்களில் நம்மவர் தோளும் உண்டு. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் 58 கொள்கலன்களைக் கப்பலேற்றினார். அன்றே காலம் மாறத் தொடங்கிற்று. தோள் செய்த வேலையை இன்று பாரந்தூக்கி செய்கிறது. இனித் துறைமுகத்தில் கூலி பேசுவது படிப்புதான்!

இப்படிப்பு நமக்குப் புரியாததுமல்ல. கப்பல் குறைந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் முதலாளிகள் புதுக் கப்பல் கட்டச் சொல்வர். கட்டி முடிய 2, 3 வருஷம் ஆகும். அதற்குள் சந்தை விழுந்துவிடும். விலை ஏறியபோது நட்ட ரப்பர் கன்று, பால் கொடுக்க 6, 7 வருஷம் எடுக்கவில்லையா? அதே கதைதான்.

கப்பல் முகவர் நிலையம், சரக்கு அனுப்பும் நிறுவனம், காப்புறுதி, துறைமுக நிர்வாகம், கப்பல் வாடகைத் தரகு என உத்தியோகங்கள் பல. ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டோம். கொரியாவின் ஹன்ஜின் எனும் பெரும் கப்பல் நிறுவனமே 2016இல் நொடித்து, மறு வருஷம் திவாலாயிற்று. ஆனால் கணக்குத் தெரிந்தவன் வேறு கம்பெனியில் வேலை தேடலாம். கணக்குத் தெரியாதவன் எங்கே போவான்?

நான்காம், ஐந்தாம் படிவத்தில் பொருளாதாரம், கணக்கியல், கணிதம், ஆங்கிலம் இவற்றைப் பிள்ளைகள் ஊன்றிப் படிக்கட்டும். மலேசியத் திரெங்கானுப் பல்கலைக்கழகத்திலும், சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கடல்சார் படிப்புகள் உண்டு.

டாக்டர், வக்கீல் தவிர வேறு படிப்பே இல்லை என்று பெற்றோர் எண்ண வேண்டாம். கிராணிமார்களே, மனுப் பாரம் நிரப்ப வரும் பிள்ளைக்கு இந்த வழியையும் காட்டுங்கள். தொழிற்சங்கக் கிளைகள் உபகாரச் சம்பளத்தில் இப்படிப்புக்கும் ஓரிடம் ஒதுக்கட்டும்.

ரப்பரை நாம் அனுப்பியது போதும். அதன் கணக்கை எழுதும் மேசைக்கு நம் பிள்ளைகளையும் அனுப்புவோம்!