விரும்பினால் சேர்க்கலாம்: யார் விரும்பினால்?

வெளிநாட்டுச் சமையல் குறிப்பு ஒன்று. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு வீட்டிலேயே செய்யும் காய்கறி சூப். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி: விரும்பினால் கஞ்சா ஊறிய வெண்ணெய் ஒரு கரண்டி சேர்க்கலாம். கனடாவில் 2018 முதல் இது சட்டப்படி செல்லும். திசையன்விளைப் பக்கம் நான் வேலை பார்க்கும் காலனியில் மாலை வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் இதைக் காட்டி, "எக்கா, நம்ம ஊர்லயும் இத செய்யலாம்லா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாகப் படவில்லை.

முதலில் சூப்பைப் பார்ப்போம். பீன்சும் கேரட்டும் வாங்கிச் சூப் வைக்க, கூலி வேலை முடிந்து வருகிற வீட்டில் காசும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் இந்தச் செம்மண்ணில் முருங்கை தானாக நிற்கிறது. கீரையை உருவி, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, தட்டிய மிளகு சீரகம், பருப்பு வெந்த தண்ணீர். கீரை போட்ட பிறகு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க விடாதீர்கள், கசந்துபோகும். சாயங்காலம் தள்ளுவண்டியில் இதைத்தான் கப்பில் ஊற்றி விற்கிறார்கள். நம் பாட்டிமார் வைத்த எலும்பு சூப்புக்கு முகம் சுளித்தவர்கள், அதே சத்துக்காக 'ஹெல்த் டிரிங்க்' பொடி வாங்குவது தனிக் கதை.

இனி அந்தக் கடைசி வரி. கஞ்சாவின் போதைப்பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால்தான் வெண்ணெயும் நெய்யும். புகைத்தால் சில நிமிடத்தில் தெரிவது, சாப்பிட்டால் தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கிண்ணம் குடிப்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் எது கலந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. சட்டம் எப்படி இருந்தாலும் இது மாறப்போவதில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது அந்தச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனியை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. அதனால்தான் வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடை இருக்கிறது. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் இலையை அரைத்துப் பாலில் கலந்து குடித்தால் அது பண்பாடு. பெருநகரத்தில் மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் அதே இலையின் சாறு 'விஜயா' என்ற சமஸ்கிருதப் பெயரில் குப்பியில் வீட்டுக்கு வருகிறது. அதே செடியின் விதையை உணவாக விற்க 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்துவிட்டது. செடி ஒன்றுதான். விஜயா என்றால் மருந்துச் சீட்டு, கஞ்சா என்றால் எஃப்ஐஆர்.

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இலையையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் பத்து ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. ஒரு கிலோவரை கையில் இருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது பத்து ஆண்டு. இதற்கு மேல் குண்டர் சட்டம் இருக்கிறது, விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். ஆக, "விரும்பினால்" என்ற சொல் நம் சமையலறைக்கு எழுதப்பட்டதல்ல.

உள்ளே போவது யார்? ஆந்திர, ஒடிசா மலைகளில் இதைப் பயிரிடும் ஆதிவாசி. பொட்டலத்தைப் பேருந்தில் சுமந்து வரும் கூலிக்காரன். தெருமுனையில் ஐம்பது கிராமோடு பிடிபடும் பத்தொன்பது வயதுக்காரன். பணம் போட்டவனின் பெயர் பெரும்பாலும் குற்றப்பத்திரிகையில் இருப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறைப் புள்ளிவிவரத்தை எடுத்தால் கைதிகளில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் நம்மவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகனை ஜாமீனில் எடுக்க வட்டிக்கு வாங்கிய பணத்தை அம்மா பீடி சுற்றி அடைத்துக்கொண்டிருக்கிறார். அவனுக்குப் பாலிடெக்னிக் படிப்பு போனது. இனி எந்த வேலைக்குப் போனாலும் போலீஸ் சரிபார்ப்பில் அந்த வழக்கு எழுந்து நிற்கும்.

நெல்லைச் சீமையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. எந்த வெட்டு குத்து நடந்தாலும் "எல்லாம் கஞ்சா போதை" என்று முடித்துவிடலாம். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியது உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் வேலையே கல்விக்கூடங்களில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்வதுதான். ஆனாலும் டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழுவது "இந்தக் காலத்துப் பயலுவ போதை" என்ற பேச்சு. காலனி வாசலில் நிற்கும் இளைஞனைப் பார்த்ததும் கஞ்சா நினைவுக்கு வருகிற பொதுப்புத்தியும் இதுவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை தோழர்களே. பதினாறு வயதில் தொடங்கி நாள் தவறாமல் புகைப்பவனுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. படிப்பு நிற்கிறது, வீட்டில் சாமான் காணாமல் போகிறது. இரவு முழுக்க மகனுக்காக வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் போய் 1894இல் முடிந்த ஆங்கிலேயரின் சணல் ஆணையம் மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை என்றதே என்று படித்த பெருமையில் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மகனுக்குத் தேவை மருத்துவரும் வேலையும். நமக்குக் கிடைப்பது சிறை.

2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில், மிகக் கொடிய போதைப்பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க இந்தியா ஆதரவாக வாக்களித்தது. வியன்னாவில் ஒன்று, இங்கே தெருவில் வேறொன்று. சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறு அளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதே என் நிலை. நம் கட்சிகளும் இயக்கங்களும் இதைப் பேசத் தயங்குகின்றன, ஏற்கெனவே நம்மீது ஒட்டிய பட்டம் இன்னும் கெட்டிப்படும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேசாமல் இருந்ததால் பட்டம் கழன்றுவிடவும் இல்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி சொல்கிறது. 50ஆவது பிரிவின்படி உடலைச் சோதனையிடும் முன் உயர் அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டு. பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தேசிய எண் 15100. எங்கள் மாலை வகுப்புச் சுவரில் இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட பையன்தான் எழுதினான். அன்று எல்லோருக்கும் முருங்கைக்கீரை சூப், கொஞ்சம் மிளகு தூக்கலாக.