கம்பியால் தைத்த தோணி

படகு கட்டுதல் பரம்பரைத் தச்சருக்கே கைவரும் தொழில் என்பது நம்மிற் பலரின் எண்ணம். உளி பிடித்தறியாத ஒரு குடும்பத்தார் தம் வீட்டு விறாந்தையிலேயே தோணி ஒன்றைக் கட்டி முடிக்கலாம் என்றால் நகைப்போரும் உளர். ஆயினும் அது பல நாடுகளில் நடந்துவரும் காரியமேயாம்.

கயாக் என்னும் ஒடுங்கிய ஓடம் கிறீன்லாந்து முதலிய வடதுருவப் பகுதிகளில் வாழும் இனுயிற் மக்கள் உலகுக்கு அளித்தது. மரம் அரிதான அந்நாட்டிலே, கடல் ஒதுக்கிய மரத்தினால் ஆடவர் சட்டம் அமைத்தனர். சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் பெண்டிர் அதன்மேல் இழுத்துத் தைத்தனர். தையல் நெகிழ்ந்தால் பனிநீரிற் செல்பவனுக்கு உயிராபத்து. வேட்டைக்குச் சென்ற கணவன் கரை மீள்வது மனைவியின் ஊசியிலும் தங்கியிருந்தது. ஆகவே ஆதிமுதலே இது குடும்பம் கூடிச் செய்த படகு எனலாம்.

அந்தத் தையல் 1960களிற் புதுவடிவம் பெற்றது. மெல்லிய ஒட்டுப்பலகைகளைத் தைத்துப் பிசினால் ஒட்டும் முறையை இங்கிலாந்திலே கென் லிற்றில்டைக் என்பவர் கயாக்குகளுக்குக் கையாண்டார். 1963இல் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் வெளிவந்த 'மிரர்' பாய்ப்படகும் அதே முறையில் அமைந்தது. ஜாக் ஹோல்ற், பாரி பக்னெல் ஆகிய இருவர் வகுத்த அப்படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுட் பல, சாதாரண மக்கள் தம் வீடுகளிலேயே கட்டியவை.

இன்று விற்கப்படும் கயாக் பொதியில், அளவாக வெட்டிய பலகைகளும் கம்பியும் பிசினும் கண்ணாடி நாரிழைத் துணியும் இருக்கும். பலகைகளின் ஓரத்துத் துளைகளிற் கம்பியைக் கோத்து முறுக்க முறுக்க, தட்டையாய்க் கிடந்த பலகை வளைந்து ஓடத்தின் உருவம் கொள்வதைக் காணும் பிள்ளைகளின் மகிழ்ச்சியை என்னென்பது! பின்னர் உட்புற மூட்டுகளிற் பிசினும் மரத்தூளும் குழைத்துப் பூசி, நாரிழைப் பட்டி ஒட்டி, அது இறுகியபின் கம்பிகளை வெட்டிவிடுவர்.

பிசின் பூசுவதற்கு முந்திய வேளையே முக்கியமானது. ஓடத்தின் இரு நுனிகளுக்கு அருகே குறுக்காக இரண்டு நேரான சட்டங்களை வைத்து, ஒரு நுனியிலிருந்து நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகத் தெரியாவிடின் ஓடம் முறுகியிருக்கிறது என்பது பொருள். அப்போது கம்பியைத் தளர்த்தித் திருத்துவது அரைமணி வேலை. அவசரத்தினாற் பூசிவிட்டாலோ, அக்கோணல் ஓடத்தின் ஆயுள் முழுவதும் நிற்கும். துடுப்பு வலிக்குந்தோறும் ஒரு பக்கம் இழுக்கும். “அப்பா, இது கோணல்” என்று மகன் சொல்வானாயின், தந்தையார் சினவாது கம்பியை அவிழ்ப்பாராக. பிள்ளைகள் குற்றங்களை ஒளியாது சொல்லப் பழகுவது அங்ஙனமே.

பிசின் தோலிற் படாதவாறு கையுறை அணிதலும், தூளைச் சுவாசியாது மூக்கையும் வாயையும் மூடுதலும் அவசியம். வெயில் பிசினைக் கெடுக்குமாதலின் மேலே தரமான வார்னிஷ் பூசுதல் வேண்டும். முன்னும் பின்னும் நீர் புகாத அறைகள் இருப்பின் கவிழ்ந்தாலும் ஓடம் மிதக்கும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியின்றி ஏறலாகாது.

தைத்த படகு நமக்கும் அந்நியமன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றினால் தைக்கப்பட்டே அலைகளைத் தாண்டின. கயிறு கம்பியாயிற்று; ஆயினும் தைப்பவரின் பொறுமையும் நேர்மையுமே இன்றும் படகைக் கரை சேர்ப்பன. குடும்பம் என்னும் தோணிக்கும் இது பொருந்தும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?