ஆறாத புண்ணை மறைக்கலாமா?

 

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் ஷிப்ட் முடியும் நேரத்தில் சாலையோரம் நின்றால், தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றில் பயணம் செய்வோரும் அவர்தம் குடும்பத்தாருமே என் சிறிய மருத்துவ அறைக்குப் பெரும்பாலும் வருகின்றனர். அவ்வாறு வந்த ஒரு தாயாரைப் பற்றி இம்மாதம் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அதில் என் தவறும் அடங்கியிருக்கிறது.

அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது. சர்க்கரை நோய்க்காகவும் இரத்தக் கொதிப்புக்காகவும் மாதந்தோறும் வருவார். ஒரு நாள் உடன் வந்த மருமகள், "மாமி, அந்தக் காலையும் டாக்டரிடம் காட்டிவிடுங்களேன்" என்று தயங்கியவாறு சொன்னார். தாயாரோ, "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி, பழைய தழும்புதான்" என்று சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சிறுமியாக இருந்தபோது அடுப்பு நெருப்பில் வெந்துபோன கணுக்கால். அத்தழும்பின் நடுவே, ஓரங்கள் தடித்து மேலெழும்பிய ஒரு புண். தொட்டால் இரத்தம் கசிந்தது; துர்நாற்றமும் இருந்தது. புண் வந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. மஞ்சளும் களிம்பும் தடவிக் கட்டி, உளூ செய்யும்போது கட்டின்மேல் மஸ்ஹு செய்து, ஒரு வேளையும் தவறாமல் தொழுது வந்திருக்கிறார். "ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஆம்பளை டாக்டரிடம் காலைக் காட்டக் கூச்சமாக இருந்தது தம்பி" என்றார்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்ப்பது மருத்துவரின் கடமை. ஒன்பது மாதங்களும் இரத்த அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிய நான், அவர்மீது மட்டும் எப்படிக் குறை சொல்வேன்?

புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தபோது, அது தோல் புற்றுநோய் என்று தெரிய வந்தது. நல்ல வேளையாக நெறிக்கட்டுகளுக்கும் எலும்புக்கும் பரவவில்லை. அறுவை சிகிச்சையில் புண்ணை முழுமையாக அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் காலையே இழக்க நேர்ந்திருக்கும்.

"தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவதாயிற்றே" எனச் சிலர் எண்ணலாம். அதில் பாதி உண்மை உண்டு. நம் தோலின் கருநிறப் பொருளாகிய மெலனின் வெயிலின் கேட்டைப் பெரிதும் தடுப்பதால், மேலை நாட்டினரைவிட நமக்கு இந்நோய் குறைவே. ஆயினும் நம்மிடம் அது வேறு வழிகளில் வருகிறது. தீக்காயத் தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் புற்று தோன்றலாம். 1828-ஆம் ஆண்டில் இத்தகைய புண்ணை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயராலேயே அது இன்றும் வழங்கப்படுகிறது. காஷ்மீரில் குளிருக்காக உடைக்குள் காங்ரி என்னும் கனல் சட்டியை வைத்துக்கொள்வோருக்கு வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுநோய், காங்ரியின் பெயரையே பெற்றுவிட்டது.

வேட்டியை இறுகக் கட்டுவதால் இடுப்பில் உண்டாகும் புற்றுநோயை 1945-இல் பம்பாய் மருத்துவ அறிஞர் கானோல்கரும் சூர்யாபாயும் எடுத்துரைத்தனர். 2024-இல் மஹாராஷ்டிரம், பீஹார் மாநில மருத்துவர்கள், சேலை உடையை இடுப்பில் இறுகக் கட்டியதால் இந்நோய்க்கு ஆளான இரு மூதாட்டிகளைப் பற்றி எழுதினர். ஆகவே சகோதரிகளே, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள்; நாடா பதியும் இடம் கறுத்து, செதில் உதிர்ந்து, புண்ணானால் அலட்சியம் செய்யாதீர்கள்.

தொழிற்சாலையில் பணிபுரியும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். புகைபோக்கி சுத்தம் செய்வோரின் தோல் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்பதை 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் கண்டறிந்தார். தாரும், நன்கு சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களும் அத்தகைய கேட்டை விளைவிக்கக் கூடியவை. லேத், மில்லிங் இயந்திரங்களில் நிற்போர் எண்ணெய் தோய்ந்த துணியைப் பாக்கெட்டில் வைக்க வேண்டாம். எண்ணெய் ஊறிய உடையோடு வீடு திரும்பவும் வேண்டாம். கையை தின்னராலோ மண்ணெண்ணெயாலோ கழுவாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தார், கனிம எண்ணெய் ஆகியவற்றால் வரும் தோல் புற்றுநோய் நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனவே மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறவாமல் கூறுங்கள்.

இந்நோயை முளையிலேயே காண நமக்கோர் எளிய வழி இருக்கிறது. நாள்தோறும் ஐவேளை உளூ செய்கிறோம். முகம், கைகள், கால்கள் யாவும் நம் கண்முன் வருகின்றன. கழுவும் அவ்வுறுப்புகளை வாரம் ஒரு முறையேனும் நல்ல வெளிச்சத்தில் நின்று பாருங்கள். பாதத்தைத் திருப்பி உள்ளங்காலையும் பாருங்கள். மெலனோமா என்னும் கொடிய வகை நம்மவர்க்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. முதுகைக் கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் பார்த்துச் சொல்லலாம்.

நான்கு வாரங்களாகியும் ஆறாத புண், பழைய தழும்பில் புதிதாகத் திறந்த புண், தொட்டால் இரத்தம் கசியும் கட்டி, வளர்ந்துவரும் அல்லது நிறமும் வடிவமும் மாறும் கரும்புள்ளி, நகத்தின் அடியில் அகன்றுவரும் கருங்கோடு - இவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணமானவையாகவே இருக்கும். ஆனால் அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சை நம்பித் துணுக்குச் சோதனைக்கு அஞ்ச வேண்டாம். பரவ இடம் கொடுப்பது கத்தியன்று, தாமதமே.

சிகிச்சைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் உள்ளது. ஈ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருப்பின் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் அறிவோம். எனினும் மருத்துவத்தின் தேவைக்காக, தேவையான அளவு உடலைக் காட்ட மார்க்கம் இடமளித்தே இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டுமெனத் தயங்காமல் கேளுங்கள். வீட்டுப் பெண் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டிற்கு ஒரு முறை பெண் மருத்துவரை அழைத்துப் பெண்களுக்கெனத் தனி முகாம் நடத்தினால், எத்தனையோ தாய்மார் பயன் பெறுவர்.

அந்தத் தாயார் இப்போதும் மாதந்தோறும் வருகிறார். நான் கேட்கும் முன்பே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிடுகிறார். "இப்போது மஸ்ஹு இல்லை தம்பி, இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தொழுகிறேன்" என்றார் சென்ற மாதம்.

உங்கள் வீட்டிலும் கட்டுக்குள் ஒரு புண் மறைந்திருக்கக் கூடும். இன்றிரவே உம்மாவிடமும் மாமியிடமும் அன்போடு கேட்டுப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.