பிடுங்குவது ஒருவர், இழப்பது இன்னொருவர்

காலை ஒன்பது மணிக்கு, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிற ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் காவிரிப் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். கையில் பென்டிரைவ். அதற்குள் பி.காம். கடைசி வருட ப்ராஜெக்ட். கடைக்காரர் வாங்கிச் செருகுவார், ஃபைலைத் திறப்பார், "எத்தனை காப்பி?" என்பார், பிரிண்ட் கொடுப்பார், படக்கென்று பிடுங்கி நீட்டுவார். அடுத்த ஆளின் பென்டிரைவ் அதே ஓட்டைக்குள் போகும்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினையே! நூறு தடவை ஒன்றும் ஆகாததால், நூற்று ஒன்றாவது தடவை "டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது, யாரும் பிடுங்கிய கையைச் சந்தேகிப்பதில்லை. "சைனா மால், மட்டமான பென்டிரைவ்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பிடுங்கினால் கரண்ட் ஏறி எரிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். யுஎஸ்பி-யின் முதல் பதிப்பு 1996-இல் வந்தது. நம்ம ஊர்க்காரர், குஜராத்தில் பிறந்த அஜய் பட் உள்ளிட்ட குழு இன்டெல் நிறுவனத்தில் உழைத்து உருவாக்கியது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகவும் எடுக்கவும் வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்தார்கள். ப்ளக்கின் உள்ளே பாருங்கள், மின்சாரத்துக்கான இரண்டு தகடுகள் நீளம், தகவலுக்கான இரண்டும் குட்டை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், எடுக்கும்போது கடைசியில் பிரியும். ஆக, ஆபத்து சாமானுக்கு அல்ல, அதற்குள் இருக்கும் எழுத்துக்கு.

எப்படி? "காப்பி முடிந்தது" என்று திரை சொல்வதும், வேலை உண்மையிலேயே முடிவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்பதில்லை. பென்டிரைவ் மெதுவாக எழுதும், கம்ப்யூட்டரின் ராம் வேகமானது. அதனால் சிஸ்டம் தகவலை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிட்டு, பிறகு பின்னாலிருந்து எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காப்பி ஆகும் பெட்டி மறைந்த பிறகும் பென்டிரைவின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் பாதி எடுத்தெழுதும்போது யாரோ நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனால் இருப்பாய்வு சரியாக வருமா? பென்டிரைவுக்குள்ளும் ஒரு பேரேடு இருக்கிறது. எந்த ஃபைல் எங்கெங்கே கிடக்கிறது என்ற அட்டவணை அது. கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறை, மாற்றத்தைச் செய்யும் முன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பாதியில் அறுந்தால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அவற்றில் அந்தக் குறிப்பேடு கிடையாது. அட்டவணை பாதியில் நின்றால், ஃபைல் உள்ளேயே இருந்தும் வழி தெரியாமல் போகும்.

"பிரிண்ட்தானே எடுத்தோம், எதையும் எழுதவில்லையே?" என்று கேட்கலாம். வேர்டில் ஒரு ஃபைலைத் திறந்தாலே, அதே ஃபோல்டரில் வேர்ட் ஒரு மறைவான தற்காலிக ஃபைலை உருவாக்கும். மூடும்போது அழிக்கும். டேலியில் ஒரு கம்பெனியின் கணக்கு ஒரே ஃபைலில் இல்லை, எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள் பல ஃபைல்களாகச் சிதறிக் கிடக்கும். அதை பென்டிரைவிலேயே திறந்து வைத்து வவுச்சர் போடுவது விளிம்பில் உட்கார்ந்து தூங்குவது மாதிரி.

எதிர்க்கட்சி வாதமும் ஒன்று இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செருகும் சாதனங்களுக்கு 'குயிக் ரிமூவல்' என்பதே இயல்பான அமைப்பு. எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனே எழுதும். மைக்ரோசாஃப்டே, இந்த அமைப்பில் சேஃப்லி ரிமூவ் கொடுக்காமல் எடுக்கலாம் என்கிறது. சரி. ஆனால் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அந்த அமைப்பும் காப்பாற்றாது. கடைக் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், யார் எந்த அமைப்பை மாற்றினார்கள் என்று வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? சொந்த வீட்டில் செய்யும் துணிச்சலை அடுத்தவர் மிஷினில் செய்யலாமா?

இங்கேதான் விஷயம் தொழில்நுட்பத்தைத் தாண்டுகிறது. பிடுங்குவது ஒருவர், இழப்பது இன்னொருவர். கடைக்காரருக்கு மூன்று நொடி மிச்சம். மாணவருக்கு மூன்று மாத வேலை போச்சு. நஷ்டம் தன் கணக்கில் வராத இடத்தில் மனிதன் கவனமாக இருக்க மாட்டான். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஒரு பக்கத்துக்குச் சில ரூபாய் வாங்குபவருக்குப் பின்னால் இருபது பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருபது பேரும் நாம்தான்!

ஆகவே கேட்க வேண்டியது பென்டிரைவின் சொந்தக்காரர்தான். "அண்ணே, எஜெக்ட் பண்ணிட்டு எடுங்க" என்று சொல்ல வெட்கம் எதற்கு? கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகான், ஒரு க்ளிக். "சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது" என்று வந்தால் எங்கோ ஒரு ஃபைல் திறந்திருக்கிறது என்று பொருள். மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் அணைத்துவிட்டு எடுங்கள். ஃபார்மட் கேட்டால் அவசரப்பட்டு 'எஸ்' கொடுக்காதீர்கள். வேறு எதையும் அதில் எழுதாமல், விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், பல நேரம் ஃபைல் மீளும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கடைக்கு எடுத்துப் போவது ஒரே பிரதியாக இருக்கவே கூடாது. ஒன்று வீட்டு கம்ப்யூட்டரில், ஒன்று உங்கள் மெயிலில், மூன்றாவதுதான் பென்டிரைவில். இரட்டைப் பதிவு முறையைப் பாடமாகப் படிப்பவர்கள், தங்கள் ப்ராஜெக்டை மட்டும் ஒற்றைப் பிரதியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வருவது என்ன நியாயம்?